வெள்ளிக்கிழமைகளில் நின்ற எஞ்சின்

எங்கள் ஓர்ப்படியாள் வீட்டுக்கு ஆயில் எஞ்சின் வந்த அன்று எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இரட்டை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, கோயமுத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாக அது பெருமாட்டிக்கு வந்து இறங்கியது. பாதி ஊர் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தது. அவள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்று, புது மருமகளை அழைக்கிற மாதிரி அந்த இரும்பைச் சுற்றினாள். நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன். தட்டைப் பிடித்துக்கொள் என்று ஒரு வார்த்தை என்னைக் கூப்பிடவில்லை.

ஓர்ப்படியாள் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்பேன். அவர் நங்கை என்பார். எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவது. என் மாமியார் அவருக்கு விவரம் தெரியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குச் சோறு போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, அம்மை வார்த்தபோது வேப்பிலை வீசி ஆளாக்கியது இவள்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. நான் வைத்த ரசத்தைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "நங்கை வெச்சா மொளகு தூக்கலா இருக்கும்" என்பார். நல்ல மனுஷன்தான். அந்த வாயை மட்டும் ஊசி நூல் எடுத்துத் தைத்துப் போடலாம் போலிருக்கும்.

பாகம் பிரித்தபோது நிலம், எங்கள் பேச்சில் காடு, இரண்டாயிற்று, கிணறு மட்டும் பொதுவில் நின்றது. ஒரு நாள் அவர்கள் மாடு பூட்டித் தோல்பறியில் இறைப்பார்கள், மறுநாள் நாங்கள். எஞ்சின் வந்ததும் இந்த முறை மாறியது. மூத்தவர் எஞ்சின் வாங்கத் துணிந்ததே என் வீட்டுக்காரரை நம்பித்தான். மழை பொய்த்த ஒரு காலத்தில் இவர் மலையேறிப் போய், தேவிகுளத்துக்கு அந்தப்பக்கம் ஒரு தேயிலை ஆலையில் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வேலையில் சேர்ந்திருந்தார். எண்ணெய் விடப் போனவர் எஞ்சினையே ஓட்டக் கற்றுக்கொண்டு கீழே வந்தார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அந்த வித்தை வேறு யாருக்கும் தெரியாது.

அதனால் அண்ணனும் தம்பியும் ஒரு பேச்சு பேசிக்கொண்டார்கள். எஞ்சினை இவர் ஓட்டுவது. காலையில் தண்ணீர் அவர்கள் காட்டுக்கு, மத்தியானத்துக்கு மேல் எங்கள் காட்டுக்கு. பேச்சை நம்பி நாங்கள் இறவை மாடுகளை விற்றோம். நாங்கள் பறி இறைத்த இடத்தில்தான் எஞ்சின் குழாய் இறங்கியது. பறி கட்டியிருந்த மரச்சாமான்களைப் பிடுங்கி அடுப்புக்கு வைத்தாயிற்று. இனி இந்த வேலை அவர் கையைவிட்டுப் போனால், கிணற்றில் எங்களுக்குப் பாத்தியம் இருக்கும், தண்ணீரை மேலே கொண்டுவர வழி இருக்காது. அந்தக் கோடையில் எங்கள் காட்டில் மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்றது. எங்களுக்கு இருந்த ஒரே வெள்ளாமை அதுதான்.

எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பொறாமையால் தெரிந்துகொண்டது. சோறு கொண்டுபோகிற சாக்கில் எஞ்சின் கொட்டகையில் நின்றுவிடுவேன். அப்படி என்னதான் இருக்கிறது இந்தக் கறுப்பு முண்டத்தில் என்று பார்ப்பேன். அந்தக் காலத்து எஞ்சின் தொட்டதும் ஓடாது. அதன் தலையில் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். கீழே ஊதுவிளக்கை ஏற்றி, குண்டு செக்கச்செவேல் என்று ஆகும் வரைக்கும் காய்ச்ச வேண்டும். பொறுமை இல்லாமல் அரைச்சூட்டில் பெரிய சக்கரத்தைச் சுற்றினால் எதிர்ப்பக்கமாக உதைக்கும், மணிக்கட்டு போய்விடும். அவர் ஒரு நாளும் அவசரப்பட மாட்டார். எனக்குப் பதில் சொல்லத்தான் அவருக்குப் பொறுமை கிடையாது.

குருடாயிலைப் பழைய வேட்டித் துணியை மடித்துப் பிடித்து வடிகட்டித்தான் தொட்டியில் ஊற்றுவார். பீப்பாயின் அடியில் நிற்பதைத் தொடவே மாட்டார். அதில் தண்ணீர் கலந்திருக்குமாம், எஞ்சின் விக்குமாம். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிவாயில் இருக்கிற வால்வு ஒழுகினால், பம்பில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கீழே போய்விடும். அப்போது சாணியைக் கரைத்து ஊற்றுவார், சந்து அடைத்துக்கொள்ளும். பெல்ட்டு வழுக்கினால் குங்கிலியப் பொடி தூவுவார். புகையைப் பார்த்தே நோய் சொல்லிவிடுவார். கறுப்பாக வந்தால் எண்ணெய் அதிகம், இல்லாவிட்டால் உள்ளே போகிற காற்றுப் போதவில்லை. வெள்ளையாக வந்தால் தலை இன்னும் காயவில்லை. நீலம் பாய்ந்தால் மசகெண்ணெய் உள்ளே போய் எரிகிறது. எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியாது, அது வேறு.

வெள்ளிக்கிழமை தோறும் அக்கா தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வருவாள். எஞ்சினுக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, அது ஓடத் தொடங்கின பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவாள். லட்சுமி இறங்கி வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவள் எண்ணம். தண்ணீரில் பாதி எங்களுடையது, ஓட்டுகிறவர் என் புருஷன். ஒரு வெள்ளிக்கிழமையாவது நான் வைக்கிறேனே என்று கேட்டேன். "எங்கூட்டு எஞ்சினு, நான் வெக்கறதுதான மொறை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் பெரிய சக்கரத்தில்தான் வைத்துக்கொண்டிருந்தாள். தைப் பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகக் குழைத்து அப்பிவிட்டாள் போலிருக்கிறது. சக்கரம் வேகம் எடுத்ததும் சந்தனமும் குங்குமமும் பறந்து மூத்தவரின் வெள்ளை வேட்டி முழுக்கத் தெறித்தது. மாரியம்மன் கோயில் மஞ்சள் நீராட்டு மாதிரி நின்றார் மனுஷன். நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அசையாத இடமாக ஒன்றைத் தேடிப் பிடித்தாள். எண்ணெய்த் தொட்டிக்கு உருண்டையாகப் பித்தளை மூடி ஒன்று உண்டு, பளபளவென்று நெற்றி மாதிரி இருக்கும். அதன் நடு உச்சியில் வைக்கத் தொடங்கினாள்.

எஞ்சின் நிற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். யாரும் அதையும் இதையும் சேர்த்து யோசிக்கவில்லை, நானும்தான். நன்றாகக் கிளம்பும், நன்றாக ஓடும். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் சோர்ந்து, பசித்தவன் குரல் மாதிரி இறங்கி, நின்றுவிடும். அவர் தொட்டி மூடியைத் திறந்து பார்ப்பார். எண்ணெய் பாதிக்கு மேல் கிடக்கும். மூடிவிட்டு மறுபடி காய்ச்சிச் சுற்றினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அப்புறம் மறுபடி நிற்கும். வடிதுணியை மாற்றினார். எண்ணெய்க் குழாயைக் கழற்றி ஊதினார். பீச்சுகிற மூக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். எதிலும் குறையில்லை. மூத்தவர் வரப்பில் நின்று, "என்றா தம்பி, மலையில இத்தன வருசம் என்னதான் படிச்ச?" என்று நாலு பேர் எதிரில் கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு சக்கரத்தைத் துடைத்தார்.

அக்கா காரணம் கண்டுபிடித்துவிட்டாள். "கண்ணு பட்டுப்போச்சுங்க. வவுறு எரிஞ்சு பாக்கற கண்ணு பக்கத்துலயே இருந்தா இரும்பா இருந்தாலும் தாங்குமா?" என்று தண்ணீர்த் துறையில் எல்லார் காதிலும் விழச் சொன்னாள். என் பேரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். வயிறு எரிந்தது வாஸ்தவம். அதை நான் எங்கே இல்லை என்றேன்? என் வயிற்றெரிச்சலுக்கு எஞ்சினை நிறுத்துகிற சக்தி இருந்திருந்தால் அவளுடைய ஆட்டுக்கல், அம்மி எல்லாம் என்றைக்கோ வெடித்திருக்கும்! அதற்கப்புறம் நான் சோற்றுப் போசியோடு போனால் கொட்டகையில் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி தன் கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கண்ணேறு கழிய அக்கா பொட்டைப் பெரிதாக்கினாள். சந்தனம் காய்ந்திருந்தால் அதன்மேலேயே இன்னும் ஒரு கனம் அப்பினாள். எஞ்சின் தொல்லை மாசி கடைசியில் கொஞ்சம் குறைந்தது. மற்ற நாளெல்லாம் ஓடும், வெள்ளிக்கிழமை மட்டும் ஒருதரம் நிற்கும். மூத்தவருக்கு நம்பிக்கை போய்விட்டது. பொள்ளாச்சியில் எஞ்சின் ஓட்டுகிற ஓர் ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாகப் பேச்சு அடிபட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சீக்கிரமாகவே சோறு கொண்டுபோனேன். அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தாள். எஞ்சின் அப்போதுதான் நின்றிருந்தது. என் வீட்டுக்காரர் தொட்டி மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. மூடியைக் கையில் எடுத்து, காலையில் எண்ணெய் பீச்சுகிற மூக்கைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று என்னிடம் வாங்கிப் போன கொண்டை ஊசியால், உச்சியில் இருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

மறைக்க வழியில்லாமல் சொன்னார். "மூடியில ஊசிமொனையாட்ட ஒரு ஓட்டை இருக்குது புள்ள. எண்ணெ கீழ எறங்க எறங்க, மேல காத்து உள்ள போவோணும். எளனியில ஒரே ஒரு தொளை போட்டுக் கவுத்தா ஊத்துமா? இன்னொரு தொளை வேணுமில்ல? அந்தத் தொளைய சந்தனம் அடச்சுப்போடுது. தொறந்து பாத்தம்னா அந்த நேரத்துலயே காத்து உள்ள போயிருது, அதனாலதான் புடிபடாம இருந்துது."

"எப்பக் கண்டுபுடிச்சீங்க?"

"போன மாசமே."

போன மாதமே! துறையில் நான் தலையைக் குனிந்துகொண்டு குடம் தூக்கின மாதம். பிள்ளைக்காரி முந்தானையை இழுத்து மூடின மாதம். "ஊரே என்னக் கொள்ளிக்கண்ணுக்காரிங்குது, நீங்க தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிட்டு இருந்தீங்களா?" என்று கத்தினேன்.

"சத்தம் போடாத புள்ள. சக்கரத்துலயே வையுங்க நங்கைன்னு சொல்லிப் பாத்தேன். நெத்தி இருக்கறப்ப கால்ல வெப்பாங்களான்னு கேக்கறாங்க. உங்க பொட்டாலதான் எஞ்சினு நிக்குதுன்னு நான் எப்படிச் சொல்றது? வெள்ளிக்கெழம, லட்சுமின்னு ஆசையா வெக்கறாங்க. மனசு நொந்துபோவாங்க."

"இன்னொரு ஓட்டை போடறதுதானுங்களே?"

"அண்ணன் எஞ்சின்ல நான் ஓட்டை போட்டுட்டு, நாளைக்கு எது நடந்தாலும் அதுக்கும் நானே பதில் சொல்லோணும். அவங்க அக்கட்டப் போனதும் சுரண்டி உட்டர்றேன், ஓடிட்டுத்தான இருக்குது. ஊரு நாலு நாளைக்குப் பேசும், அப்பறம் மறந்துரும்."

அவள் மனசு நோகக் கூடாது. நான் நாறலாம். அவளுக்கு வேப்பிலை வீசின கணக்கு இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது? சோற்றுப் போசியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பொள்ளாச்சிக்காரர் வந்துவிட்டார். கையில் சாவிகள் செருகின தோல் பை, காதில் பென்சில். நல்ல நாள் என்று மூத்தவர் அன்றைக்கே பொறுப்பை மாற்ற நினைத்தார். ஊரும் கூடிவிட்டது. அக்கா அன்றைக்கு வைத்த பொட்டு வடை அளவுக்கு இருந்தது. மூத்தவர் இவரைப் பார்த்து, "நீ இனிக் காட்டுச் சோலியப் பாரு தம்பி. இவரு ஓட்டட்டும்" என்றார்.

"எங்க மொளகாய்க்குத் தண்ணி, மாமா?" என்று மூத்தவரிடம் கேட்டேன்.

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல இது ஒழுங்கா ஓடட்டும்."

பார்க்கலாம் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தைய நாள்தான் எங்கள் மிளகாய்ப் பாத்தியில் கையை விட்டுப் பார்த்திருந்தேன், மண் மாவாகப் பறந்தது.

பொள்ளாச்சிக்காரர் கைதேர்ந்தவர்தான். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. எல்லாரும் ஆகா என்றார்கள். அக்கா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாய்க்காலில் தண்ணீர் அவர்கள் கரும்பை எட்டுகிறதற்குள் சத்தம் சோர்ந்து எஞ்சின் நின்றது. அவர் கழற்றினார், ஊதினார், கழுவினார், மறுபடி ஓட்டினார். மறுபடி நின்றது. கடைசியில், "முன்ன ஓட்டுனவரு உள்ள எதையோ கெடுத்து வெச்சிருக்கறாருங்க. கழட்டிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோயித்தான் பாக்கோணும், பொறவு எப்ப வருமோ சொல்ல முடியாதுங்க" என்றார்.

எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எஞ்சின் கோயமுத்தூர் போய்த் திரும்புவதற்குள் எங்கள் மிளகாய்ச் செடியை விறகுக்குத்தான் வெட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து அக்கா சொன்னாள்: "கழட்டி என்னுங்க பண்றது? கண்ணு வெச்சவ எதுத்தாப்பலயே நிக்கறா. அப்பறம் எப்படி ஓடும்?"

அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்தேன். அதற்கு மேல் என்னால் ஆகவில்லை. விறுவிறுவென்று போய்த் தொட்டி மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது எல்லாருக்கும் கேட்டது. மூடியை உயர்த்திப் பிடித்து, தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பொட்டைச் சுரண்டி எறிந்தேன்.

"அடிப் பாவி! வெள்ளிக்கெழமயும் அதுவுமாப் பொட்ட அழிக்கறயே, நீ வெளங்குவியா?" என்று அக்கா அலறினாள். யாரோ ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"கண்ணும் இல்ல, காத்துக் கருப்பும் இல்லீங்க்கா. இந்த ஓட்டைய உங்க சந்தனம் அடச்சுப்போட்டுது, அதான் நின்னுது. இவருக்கு எப்பவோ தெரியும். உங்க மனசு நோகக்கூடாதுன்னு, என்ற பேரு கெட்டாலும் பரவால்லன்னு இருந்துட்டாரு" என்றேன்.

பொள்ளாச்சிக்காரர் நேர்மையான மனிதர். மூடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். பூட்டி, காய்ச்சி, ஓடவிட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டையின் மேல் ஈரக் களிமண்ணை வைத்து அடைத்தார். கொஞ்ச நேரத்தில் சத்தம் சோர்ந்தது. களிமண்ணை எடுத்தார். சத்தம் நிமிர்ந்தது. "இந்தம்மா சொல்றது செரிங்க. எஞ்சின்ல ஒரு நோவும் இல்லீங்க. நான் சொன்னது தப்பு" என்று மூத்தவரிடம் சொல்லிவிட்டு, சாவிகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூத்தவர் என் வீட்டுக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். பிறகு, "பழையபடி நீயே ஓட்டு தம்பி. மத்தியானத்துக்கு மேல உங்க காட்டுக்குத் திருப்பிக்க" என்றார். என் பக்கம் திரும்பி, "பொட்டு வெக்கற சோலியும் இனி நீயே பாத்துக்க, அம்மிணி. எங்க வெக்கோணும்னு உனக்குத்தான தெரியுது" என்றார். துறையில் என்னைப் பேசினவர்கள் இப்போது என்னிடம் சிரித்துப் பேச வந்தார்கள். அக்கா சந்தனக் கிண்ணத்தை எஞ்சின் மேடையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வரப்பு வழியே வீட்டுக்கு நடந்தாள். நடக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆமாம், குளிரத்தான் செய்தது!

மத்தியானம் எங்கள் காட்டுக்குத் தண்ணீர் வந்தது. நான் மண்வெட்டியோடு மடையில் நின்றேன். எஞ்சின் நல்லபடியாக ஓடுகிறதைப் பார்த்துவிட்டு அவர் வாய்க்கால் ஓரமாக என்னைத் தேடி வந்தார். தண்ணீர் போகிற போக்கைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். நல்லது செய்தாய் என்று சொல்ல வேண்டாம், ஏன் சொன்னாய் என்று திட்டினாலும் பரவாயில்லை, என்னைப் பார்த்துத் திட்டினால் போதும் என்றிருந்தது.

"நங்கை மூஞ்சியப் பாத்தியா புள்ள? செத்துப்போச்சு" என்றார்.

"நீங்க என்ற மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. நிஜமாகவே விளங்கவில்லை. வாய்க்காலில் கையைக் கழுவினார், துண்டில் துடைத்துக்கொண்டார். "நான் போயி அங்க ஒருவாய் சாப்பிட்டுட்டு வர்றேன். இன்னிக்கு அவங்க கையால சாப்பிடலைன்னா நல்லா இருக்காது. நீ தண்ணியப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, அவள் வீட்டுப் பக்கம் நடந்தார்.